பர்சோன் பார்த்த பாதை

ரூட் ஷீட் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சைக்கிளில் நூறு, இருநூறு கிலோமீட்டர் என்று போகிறவர்கள் ஹாண்டில்பாரில் ஒரு காகிதத்தைக் கிளிப் போட்டு மாட்டியிருப்பார்கள். எத்தனையாவது கிலோமீட்டரில் எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த ஊர் நாய் துரத்தும் என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்கள் குழுவுக்கு அந்தக் காகிதத்தை ஐந்து வருடமாக எழுதிக்கொடுத்தவன் நான்.

என் பெயர் ஜகதீசன். ஒரு டிஃபென்ஸ் லேபில் டிராஃப்ட்ஸ்மேன். அப்பா அரக்கோணத்திலிருந்து லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது, வளர்ந்தது, வீடு கட்டியது எல்லாம் மல்காஜ்கிரியில். வீட்டில் பேசுவது தமிழ் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். சென்னையிலிருந்து வரும் உறவுக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

குழுவில் பதினைந்து பேர். அதில் பன்னிரண்டு பேர் ஹைடெக் சிட்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்கள். சுண்டுவிரலால் தூக்கக்கூடிய சைக்கிள், உடம்போடு ஒட்டின டிரவுசர், பொட்டலம் பொட்டலமாக ஏதோ களிம்பு மாதிரி ஒரு சாப்பாடு. நெட்டில் மேப் இருக்கிறதே, அங்கிளை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று ஆரம்பத்தில் ஒருத்தன் கேட்டான். நெட்டுக்கு நாய் தெரியுமா என்று நான் கேட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் மேப்பைப் பார்த்துப் போய் ஒரு கல் குவாரிக்குள் நின்றான். அதற்கப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை. என் ஷீட்டில் வலது என்றால் வலது, மேடு என்றால் மேடு. அந்தப் பேர் எனக்குப் போதை ஏற்றியிருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

2010 செப்டம்பரில் பெரிய பயணம் ஒன்றுக்குத் திட்டம் போட்டோம். மூன்று நாள். முதல் நாள் சமவெளி, இரண்டாம் நாள் நல்லமலைக் காடு, மூன்றாம் நாள் சீராலாவில் கடல். ஹைதராபாத்காரனுக்குக் கடல் என்பது ரயிலில் போய்ப் பார்க்கிற சமாச்சாரம். சைக்கிளை மிதித்துப் போய் முன் சக்கரத்தை உப்புத் தண்ணீரில் நனைக்கப் போகிறோம் என்ற நினைப்பே எல்லோருக்கும் கிறுகிறுப்பாக இருந்தது. என் மகள் ரஷ்மியும் வருகிறேன் என்றாள். இன்ஜினியரிங் முதல் வருஷம், பதினெட்டு வயது. தமிழ் புரியும், ஆனால் பதில் இந்தியிலோ இங்கிலீஷிலோதான் வரும். நான் தமிழில் திட்டுவேன், அவள் இந்தியில் முறைப்பாள்.

லாரிகள் ஓடும் பெரிய ரோட்டை விட்டு, காட்டுக்குள் ஒரு சின்ன ரோட்டை நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். நாற்பத்தேழாவது கிலோமீட்டரில் மலையுச்சி. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் இறக்கம், அடியில் ஓர் ஓடை, அதன் மேல் ஒரு சிறிய பாலம், உடனே எதிர்மலையின் ஏற்றம். அந்த இறக்கத்துக்கு நான் எழுதின வரிகளை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன். 'ரோடு வெண்ணெய். பிரேக் வேண்டாம். பாலத்தில் வேகத்தை விடாதே, எதிரே ஏற்றம் காத்திருக்கிறது.' ஷீட்டின் கீழ் மூலையில், ஆபீஸ் வழக்கப்படி, 'சரிபார்த்தது: ஜகதீசன்' என்று எழுதியிருந்தேன். ஆபீஸில் அதன் பக்கத்தில் ஒரு தேதி போட்டே ஆக வேண்டும். தேதி இல்லாத வரைபடத்தை நான் கையால் தொடமாட்டேன், கொண்டுவந்தவன் முகத்திலேயே விட்டெறிவேன். ஷீட்டில் மட்டும் நான் தேதி போட்டதில்லை.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போவன்பள்ளி மார்க்கெட்டுக்கு எதிரே ஓட்டலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். முட்டைக்கோஸ் லாரிகள் காலி ஆகிக்கொண்டிருந்தன. அச்யுத் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோயம்புத்தூர்க்காரர், முப்பது வயது இருக்கும், ஹைதராபாத் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. குழுவில் என்னோடு தமிழ் பேச ஒரே ஆள். ரஷ்மியைத் தங்கச்சி என்பார், அவருடைய மனைவி மஹதியை ரஷ்மி 'அக்கா' என்பாள். நல்ல மனிதர், ஆனால் எதையும் இரண்டு தடவை கேட்பார். அதுதான் எனக்குப் பிடிக்காது.

மழைக்கு அப்புறம் காட்டு ரோடு எப்படி இருக்குமோ, யாராவது போய்ப் பார்த்தார்களா என்று கேட்டார். என்னையே சோதிக்கிறாரா என்று எனக்குச் சுருக்கென்றது.

"ஹவ், பர்சோன் போய்ப் பாத்துட்டு வந்தேன். ரோடு மக்கன் மாதிரி இருக்குது."

ஹவ் என்றால் ஆமாம், மக்கன் என்றால் வெண்ணெய். அதெல்லாம் அவருக்குப் புரிந்தது. பர்சோன்தான் சிக்கல். இந்தியில் பர்சோன் என்றால் முந்தாநாள். பள்ளிக்கூடத்தில் இந்தி படித்த யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஹைதராபாத்தில் அந்தச் சொல்லுக்கு அப்படிக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. நேற்றைக்கு முந்தின எல்லா நாளும் இங்கே பர்சோன்தான். பர்சோன் கல்யாணம் ஆன பெண்ணுக்கு இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குழந்தைகள் இருக்கும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் அந்த ரோட்டைப் பார்த்தது மார்ச் மாதத்தில். மோட்டார் சைக்கிளில் தனியாகப் போய் வந்தேன். ரஷ்மிக்கு அன்றைக்கு இன்டர்மீடியட், அதாவது ப்ளஸ் டூ, கணக்குப் பரீட்சை. கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லியிருந்ததை மறந்துவிட்டேன். அவள் ஆட்டோ பிடித்துப் போனாள். அதற்காக ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

முதல் நாள் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. காட்டோரத்தில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். இரண்டாம் நாள் காலை வெளிச்சம் வந்ததும் எல்லோரும் புறப்பட்டார்கள். முழங்கால் வலி காரணமாக நான் சைக்கிளில் போகவில்லை. என் மாருதி ஆம்னியில் தண்ணீர் கேன், வாழைப்பழம், டியூப் எல்லாம் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தேன். முதலில் அச்யுத், அவரை விடாமல் ஒட்டிக்கொண்டு ரஷ்மி. கூட்டம் அவர்களுக்கு வெகு பின்னால், இரண்டுக்கும் நடுவில் என் ஆம்னி.

காட்டு ரோட்டில் திரும்பினதிலிருந்து எனக்கு ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. முதலில் பார்த்தது, ரோட்டின் பாதி அகலத்துக்கு மக்காச்சோளம் உலர்த்தியிருந்தார்கள். நல்ல ஆட்கள், ரோட்டையே களமாக்கிவிட்டார்கள் என்று சிரித்துக்கொண்டு ஓரமாக ஓட்டினேன். அடுத்து ஒரு வளைவில் ஆடுகள் தாரின்மேல் கால் மடக்கிப் படுத்திருந்தன. ஹாரன் அடித்தால் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி அசை போட்டன. வண்டிக்குப் பயப்படாத ஆட்டை நான் பார்த்ததில்லை. நாற்பதாவது கிலோமீட்டர் பஸ் ஸ்டாப்பில் மார்ச் மாதம் பத்துப் பேர் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அந்தச் சிமெண்டு பெஞ்சில் யாரோ வறட்டி தட்டிக் காயவைத்திருந்தார்கள்.

நடு ரோட்டில் தார் வெடித்த இடத்தில் புல் முளைத்து முழங்கால் உயரம் வந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் உறுத்தியது இன்னதென்று தெரிந்தது. காலையிலிருந்து எதிரில் ஒரு வண்டிகூட வரவில்லை. பஸ் இல்லை, டிராக்டர் இல்லை, ஒரு டி.வி.எஸ். மொபெட் இல்லை. ஐந்து வருடம் ரோட்டைப் படித்தவன் நான், இதைப் படிக்க எனக்கு நாற்பது கிலோமீட்டர் ஆனது.

அப்போதும் மனசு சமாதானம் சொல்லிக்கொண்டது. ஏதாவது பண்டிகையாக இருக்கும், தெலங்கானா பந்த் ஆக இருக்கும், ஹைதராபாத்தில் அந்த வருஷம் பந்துக்கா பஞ்சம்? வழியில், கூட்டத்துக்கு முன்னால் வந்துகொண்டிருந்த சந்தீப்புக்கு டயர் பஞ்சர். குழுவை நடத்துகிறவர் அவர், ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர், ஆனால் டியூப் மாற்றத் தெரியாது. நான் இறங்கி மாற்றிக்கொடுத்தேன். இருபது நிமிஷம் போயிற்று. காலி ரோடு, கார் இல்லை, புகை இல்லை, சொர்க்கம் மாதிரி இருக்கிறது அங்கிள், எப்படித்தான் கண்டுபிடித்தீர்களோ என்று அவர் பாராட்டினார். ஏறுங்கள், உச்சியில் இறக்கிவிடுகிறேன் என்று அவரைச் சைக்கிளோடு ஆம்னியில் ஏற்றிக்கொண்டேன்.

உச்சியில் ஒரே ஒரு டீக்கடை, நாகம்மா என்ற பெண்மணி நடத்துவது. மார்ச்சில் பார்த்தபோது வடையும் பஜ்ஜியுமாக அமளிப்பட்டது. இப்போது அடுப்பில் ஒரே ஒரு சின்னப் பாத்திரம். அவள் அப்போதுதான் போரிங் பம்பிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். இரண்டு சைக்கிள் இந்தப் பக்கம் போயிற்றா என்று தெலுங்கில் கேட்டேன். தண்ணீருக்குப் போயிருந்ததால் பார்க்கவில்லை என்றாள். பிறகு குடத்தை இறக்கி வைத்துவிட்டு, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டாள். கீழே, ஓடையைத் தாண்டி என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். எப்படித் தாண்டுவீர்கள், ஆகஸ்டில் பெய்த மழையிலேயே பாலம் போய்விட்டதே, பஸ் நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதே என்றாள். ஊர்க்காரர்கள் முள்ளை வெட்டிப் போட்டு, குச்சியில் சிவப்புத் துணி கட்டி வைத்தார்கள், அதுவும் போன வாரக் காற்றில் போய்விட்டது என்று அடுக்கிக்கொண்டே போனாள். நான் மீதியைக் கேட்கவில்லை. போனை எடுத்தேன். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. சந்தீப்பிடம், வருகிற ஒருத்தரையும் இங்கிருந்து கீழே விடாதே என்று கத்திவிட்டு ஆம்னியில் ஏறினேன்.

ஆறு கிலோமீட்டர். ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. யார் கேட்பதற்கு அடித்தேன் என்று தெரியாது, இருபது நிமிஷத்துக்கு முன்னால் போனவர்களுக்கு அது கேட்கவா போகிறது? ரோடு உண்மையாகவே வெண்ணெய்தான். மழையில் கழுவி, வண்டி ஓடாமல், மார்ச்சில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. ஒரு பள்ளம் இல்லை, ஒரு கல் இல்லை. எங்கேயாவது ஒரு குழி இருந்து அவர்கள் வேகம் குறைந்திருக்கக் கூடாதா என்று தேடித்தேடிப் பார்த்துக்கொண்டு போனேன். பிரேக் வேண்டாம், பிரேக் வேண்டாம் என்று என் கையெழுத்தே கண்முன்னால் ஓடியது. என் குழந்தைக்கு நானே எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

கடைசி வளைவு பாலத்தை மறைக்கும். வளைவில் திரும்பினதும் ரஷ்மியின் சைக்கிள் ரோட்டில் கிடந்தது. சிவப்புப் பை, சந்தேகமே இல்லை. ஆளைக் காணோம். சைக்கிளுக்கு அந்தப் பக்கம் பத்தடி ரோடு, அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. தார், ஜல்லி, நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கம்பி, அப்புறம் வெறும் வெளி. கீழே தண்ணீர்ச் சத்தம். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்து போய் எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்பனாக இருந்தும் வரவில்லை.

"பப்பா." கீழேயிருந்து குரல் வந்தது.

பதினைந்தடிப் பள்ளத்தில், பாறைகளுக்கு நடுவில், கணுக்கால் தண்ணீரில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு முழங்கை சிராய்த்து ரத்தம். மடியில் அச்யுத்தின் தலை. அவர் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயசைத்தார், சத்தம் வரவில்லை.

"மைன் ப்ரேக் மாரி, பப்பா," என்றாள் ரஷ்மி. "உனோ நை மாரே."

நான் பிரேக் போட்டேன், அவர் போடவில்லை. அதையே மூன்று தடவை சொன்னாள்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கட்டில் கொண்டுவந்தார்கள். அவரை அதில் கிடத்தி மேலே தூக்கி, ஆம்னியின் பின் சீட்டை மடக்கிப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். வழியில் ரஷ்மி சொன்னாள். உச்சியில் நின்று தண்ணீர் குடித்தபோது, இவ்வளவு அமைதியாக இருக்கிறதே, ரோடு சரியாக இருக்குமா என்று அவள் கேட்டிருக்கிறாள். அச்யுத் அவருடைய கோயம்புத்தூர் இந்தியில், கவலைப்படாதே தங்கச்சி, உங்கப்பா பர்சோன் பார்த்திருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். எங்கப்பாவின் பர்சோனை நம்பாதீர்கள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் பெடலை மிதித்துப் போய்விட்டார். கத்தியிருக்கிறாள், காற்றில் கேட்கவில்லை. அவள் மட்டும் ஆறு கிலோமீட்டரும் இரண்டு பிரேக்கிலும் விரலை வைத்துக்கொண்டே இறங்கியிருக்கிறாள்.

நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மகளைக் காப்பாற்றியது என்மேல் அவளுக்கு இருந்த அவநம்பிக்கை. என்னை நம்பினவர் பின்னால் படுத்திருந்தார்.

கடலைப் பார்த்திருக்க வேண்டிய மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிந்தது. முதுகெலும்பு உடைந்திருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்ப வாய்ப்பு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழுவில் எல்லோரும் வந்து வந்து நின்றார்கள். பாலம் முந்தின நாள்தான் விழுந்தது போல, ஜகதீசன் அங்கிள் பார்த்துவிட்டு வந்த பிறகு விழுந்திருக்கிறது, விதியை யார் என்ன செய்ய முடியும், அச்யுத்தான் வேகத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். எங்கிருந்து அந்தப் பேச்சு கிளம்பியது என்று தெரியவில்லை. நான் கிளப்பவில்லை, மறுக்கவும் இல்லை. நாகம்மா சொன்னதைப் புரிந்துகொண்டவன் நான் ஒருத்தன்தான், அவள் கடையில் நின்ற மற்றவர்களுக்குத் தெலுங்கு வராது. நாலைந்து தடவை கேட்ட பிறகு, விதி என்பது எனக்கே நியாயமாகத்தான் பட்டது.

ஒன்றை நான் மேலே சொல்லாமல் விட்டுவிட்டேன். போவன்பள்ளி ஓட்டலில் நான் பர்சோன் என்றதும் அச்யுத் முகம் தெளிந்து, "முந்தாநாள்தானுங்களா? அப்ப சரிங்க சார்," என்றார். என் காதில் தெளிவாக விழுந்தது. இல்லையப்பா, மார்ச்சில் பார்த்தது, இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிடுகிறேன் என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். முழங்கால் வலியும் சோம்பேறித்தனமும் ஒரு பக்கம், சின்னப் பையனிடம் இறங்கிப் போவதா என்ற திமிர் ஒரு பக்கம். டீயைக் குடித்தேன்.

மத்தியானம் மஹதி வராந்தாவுக்கு வந்தாள். அழுது முடித்த முகம். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை கையில் இருந்தது. அச்யுத்தின் கடிகாரம், கிழிந்த கையுறை, நாலாக மடித்த என் ரூட் ஷீட். என் எதிரில் உட்கார்ந்தாள். ரஷ்மி கைக்கட்டோடு என் பக்கத்தில் இருந்தாள்.

"இவர் கண்ணுமண்ணு தெரியாம வேகமாப் போனதாலதான் இப்படின்னு எல்லாரும் சொல்றாங்க சார். இவரோட அப்பாவும் ஊர்லேர்ந்து வந்த நிமிஷத்துலேர்ந்து அதையேதான் சொல்லிட்டிருக்காரு," என்றாள். "நீங்க சொல்லுங்க. அந்த ரோட்ட நீங்க எப்பப் பாத்தீங்க?"

அவள் கேட்டது பழி போடுவதற்கு அல்ல. இனி வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் கிடக்கப்போகிறவரைத் திட்டுவதா வேண்டாமா என்று தெரிந்துகொள்வதற்கு. அது எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்தும் நாக்கில் அந்தச் சொல்தான் வந்து நின்றது. ஹைதராபாத்தில் அது பொய் இல்லை. யார் வந்து கேட்டாலும் அது பொய் இல்லை.

"அச்யுத்கிட்ட சொன்னேனே, பர்சோன் பாத்தேம்மா," என்றேன்.

மஹதி மெல்லத் தலையாட்டினாள். "அப்ப நீங்க எழுதினது சரிதான், இவர் மேலதான் தப்பு," என்றாள்.

எழுந்திருக்கப் போனாள். ரஷ்மி நல்ல கையால் அவள் சேலையைப் பிடித்து உட்காரவைத்தாள். என் மகள் தமிழில் பேசி நான் கேட்டது அவள் ஒன்றாம் வகுப்புக்குப் போகுமுன்னால் இருக்கும். இப்போது அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினாள்.

"முந்தாநாள் இல்ல, அக்கா. மார்ச். என்னோட மேத்ஸ் எக்ஸாம் நாளு. அண்ணா மேல தப்பு இல்ல."

வராந்தாவில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மஹதி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் பையிலிருந்து ரூட் ஷீட்டை எடுத்துப் பிரித்தாள். தண்ணீரில் ஊறிக் காய்ந்து மை பரவியிருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது. பிரேக் வேண்டாம் என்ற இடத்தைப் படித்தாள். கீழ் மூலையில் என் பெயரையும் படித்தாள். அதை என் முழங்காலின் மேல் வைத்து, கைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினாள்.

"தேதி போட்டுக் குடுங்க சார்."

பேனாவை வாங்கிக்கொண்டேன். மார்ச் என்பது தெரியும், அந்தக் கணக்குப் பரீட்சை எந்தத் தேதியில் என்பது எனக்கு நினைவில்லை. ரஷ்மியைத்தான் கேட்க வேண்டியிருந்தது.